எண்ணூறு சி.சி. பிளஷர்

என் தம்பி திருடன் இல்லை என்று காட்டுவதற்காக ஒரு காரின் என்ஜினைத் திறந்து, அதற்குள் கடலை எண்ணெய் ஊற்றி அளந்தோம். இதைச் சொன்னால் என் மருமகள்கூடச் சிரிக்கிறாள். சிரிக்கட்டும். அன்றைக்கு அந்த ஷெட்டில் நின்றிருந்தால் யாருக்கும் சிரிப்பு வந்திருக்காது.

எழுபதுகளின் நடுவில் நடந்தது இது. திருவண்ணாமலையில் ஓர் ஆரம்பப் பள்ளியில் நான் டீச்சராக இருந்தேன். அப்பா போன பிறகு வீட்டில் அம்மா, நான், தம்பி மூன்று பேர்தான். தேரடித் தெருவில் எண்ணெய்க் கடை வைத்திருந்த ஒரு முதலாளியிடம் தம்பி டிரைவர். எனக்கு வாய் ஜாஸ்தி, அவனுக்கு வாயே கிடையாது. பஸ்ஸில் யாராவது அவன் காலை மிதித்தால் அவன்தான் காலை நகர்த்திக்கொள்வான். இரண்டு பேருக்கும் சேர்த்து நானே பேசிவிடுவதால்தான் அவன் அப்படி ஆனான் என்று அம்மா சொல்வாள். இருக்கலாம்.

முதலாளியின் கார், முதுகு கூனினாற்போல் இருக்கும் ஒரு சின்ன இங்கிலாந்து வண்டி. எங்கள் ஊரில் பெரியவர்கள் அப்போதும் காரை பிளஷர் என்றுதான் சொல்வார்கள். வேலூர்ப் பக்கம் ஒரு பெரிய பண்ணைக்காரரிடமிருந்து அதை அவர் வாங்கியிருந்தார். தோளில் கிடக்கும் துண்டாலேயே அதன் மூக்கைத் துடைப்பார். கடைக்கு வருகிறவர்களிடம் எண்ணெய் விலையைச் சொல்வதற்கு முன்னால், "கப்பல்ல வந்து இறங்கனப்ப இருந்த அதே என்ஜின். எண்ணூறு சி.சி. ஒரு ஆணி மாத்தல" என்று சொல்லிவிடுவார். எண்ணூறு சி.சி. என்று அவர் சொல்கிறபோது குலதெய்வத்தின் பெயரைச் சொல்வதுபோல் இருக்கும். அது என்ன சி.சி. என்று யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் அவருக்குத் தெரிந்திருக்காது என்பது பிறகுதான் தெரிந்தது.

அந்தச் சமயத்தில் பெட்ரோல் விலை கிடுகிடுவென்று ஏறியது. ஒரு கல்யாணப் பந்தியில் முதலாளிக்குப் பக்கத்து இலையில் போளூர் டாக்டர் ஒருவர் உட்கார்ந்தார். அவரிடமும் அதே வண்டி, அதே வயது. தனக்கு லிட்டருக்கு எட்டு மைல் வருகிறது என்று அவர் பேச்சுவாக்கில் சொல்லிவிட்டார். முதலாளி வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டால், தன் வண்டி ஆறு மைல்தான் ஓடுகிறது.

"மீதி ரெண்டு மைல் எங்கடா போவுது?" என்று தம்பியைக் கேட்டார்.

"தெரியலங்க மொதலாளி" என்றான் அவன். உண்மையைத்தான் சொன்னான். ஆனால் அதைவிட மோசமான பதிலை அவன் தேடினாலும் கண்டுபிடித்திருக்க முடியாது.

முதலாளி திட்டவில்லை, வேலையை விட்டு நிறுத்தவும் இல்லை. பெட்ரோல் டாங்கின் மூடியைக் கழற்றிப் போட்டுவிட்டு, மெட்ராஸிலிருந்து பூட்டு வைத்த மூடி ஒன்றை வரவழைத்து மாட்டினார். சாவியை அரைஞாண் கயிற்றில் முடிந்துகொண்டார். அதன் பிறகு பெட்ரோல் பங்குக்குப் போனால் தம்பி வண்டியை நிறுத்திவிட்டு ஓரமாக நிற்பான். முதலாளி பின் ஸீட்டிலிருந்து இறங்கி, வேட்டியைத் தளர்த்தி, சாவியை எடுத்து, குனிந்து திறப்பார். பெட்ரோல் நிரம்பியதும் பூட்டி, இழுத்துப் பார்த்துவிட்டு ஏறுவார். பங்கில் இருக்கிற அத்தனை பேரும் இதைப் பார்ப்பார்கள். திட்டியிருந்தால்கூட எனக்கு அவ்வளவு எரிச்சல் வந்திருக்காது.

பூட்டிய பிறகும் ஆறு மைல்தான் வந்தது. நியாயமாகப் பார்த்தால் அதோடு சந்தேகம் தீர்ந்திருக்க வேண்டும். ஆனால் அடியில் இருக்கிற குழாயைக் கழற்றி எடுக்கிறான் போலிருக்கிறது என்று அவருக்குத் தோன்றிவிட்டது. மனசில் ஒன்று விழுந்துவிட்டால் அதற்கு மேற்கொண்டு காரணம் தேடிக்கொள்வது கஷ்டமா என்ன?

தம்பிக்கு அப்போது கீழ்பென்னாத்தூரில் பெண் பார்த்திருந்தோம். நிலம் நீச்சு உள்ள குடும்பம். பெண்ணும் மலர்ந்த முகமாக இருந்தாள். தம்பி அவளை ஒரே ஒரு முறை பார்த்துவிட்டு வந்து, இரண்டு நாள் சீட்டியடித்துக்கொண்டே வண்டியைக் கழுவினான். பூ வைக்க நாள் பார்க்க வேண்டியதுதான் பாக்கி. அப்போது பெண்ணின் அப்பா ஏதோ வேலையாகத் திருவண்ணாமலைக்கு வந்தவர், பெட்ரோல் பங்கில் இந்தக் கூத்தைக் கண்ணால் பார்த்துவிட்டார். விசாரித்திருக்கிறார். "டிரைவர் கை சரியில்லையாம்" என்று யாரோ சொல்லிவிட்டார்கள். தரகர் எங்கள் வீட்டு வாசலில் நின்றபடியே, "அவுங்க கொஞ்சம் யோசிக்கிறாங்கம்மா" என்றார். உள்ளே வந்து காபி குடிக்கக்கூட அவர் தயாராக இல்லை.

தம்பி சாப்பிட உட்கார்ந்தவன் பாதியில் எழுந்து கை கழுவினான்.

செஞ்சிக்குப் போய்த் திரும்புகிற வழியில் வண்டி கொதித்து நின்றுவிட்டதால், அந்த ஞாயிற்றுக்கிழமை அதை செங்கம் ரோட்டில் இருந்த மெக்கானிக் பாயின் ஷெட்டில் விட்டிருந்தார்கள். முதலாளியும் அங்கேதான் இருக்கிறார் என்று தெரிந்ததும் நான் புடவையைக்கூட மாற்றாமல் கிளம்பினேன். இன்றைக்கு நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டுவிட வேண்டும் என்று வழியெல்லாம் மனசுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன்.

ஆனால் அங்கே ஏற்கெனவே சண்டை நடந்துகொண்டிருந்தது. பாய் என்ஜினின் மேல்பாகத்தைக் கழற்றி வைத்திருந்தார். உள்ளே வரிசையாக நான்கு வட்டக் குழிகள் தெரிந்தன.

"இது எண்ணூறு இல்ல மொதலாளி. பெரிய என்ஜின். யாரோ மாத்தி வெச்சிருக்காங்க. பெருசுனா ஜாஸ்திதான் குடிக்கும். பையன் மேல தப்பே இல்ல" என்றார் பாய்.

"நம்பர் தகடு அதுலயே கீதே. ஆர்.சி. புக்குல இருக்கிற அதே நம்பர்."

"தகடு ரெண்டு ஆணியில நிக்கறது. பழைய என்ஜின்ல இருந்து எடுத்து இதுல அடிச்சிருப்பாங்க. வெளிய பாத்தா ரெண்டு என்ஜினும் ஒரே மாதிரிதான் இருக்கும்."

முதலாளி பாயையும் பார்த்தார், தம்பியையும் பார்த்தார். "நீங்க ரெண்டு பேரும் தினம் ஒண்ணா உக்காந்து டீ குடிக்கிறவங்க. நீ அவனுக்காகப் பேசாம எனக்காகவா பேசுவ?"

பாய் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டார். அதற்கு மேல் அவர் என்ன சொன்னாலும் எடுபடாது என்று எனக்கே தெரிந்தது. தம்பி தரையைப் பார்த்தபடி நின்றிருந்தான். நான் வழியெல்லாம் சேர்த்துக்கொண்டு வந்த நாலு வார்த்தையும் மறந்து, வாயில் வேறு ஏதோ வந்தது.

"எண்ணூறு சி.சி. எண்ணூறு சி.சி.ங்கிறீங்களே, சி.சி.னா இன்னானு தெரியுமா மொதலாளி?"

"அது வெள்ளக்காரன் கணக்கு, டீச்சரம்மா. அது எனக்கு எப்படித் தெரியும்?"

"உங்களுக்குத் தெரியாம வேற யாருக்குத் தெரியும்? ஒரு சி.சி.யும் ஒரு மில்லியும் ஒண்ணுதாங்க. நீங்க தினம் அளந்து ஊத்துற அதே மில்லி. இந்த வருசம் முழுக்க அஞ்சாவது புள்ளைங்களுக்கு அதைத்தான் நடத்திக்கினு இருக்கேன்."

முதலாளி சட்டென்று என் பக்கம் திரும்பினார். அவர் முகம் போன போக்கு இன்னும் எனக்கு நினைவிருக்கிறது. இத்தனை வருஷம் யாரோ பெரிய மனிதர் என்று எண்ணிக் கும்பிட்டவர், பார்த்தால் பக்கத்து வீட்டுக்காரராக இருந்தால் எப்படி இருக்கும், அப்படி.

"மில்லியா? எண்ணெய் மில்லியா?"

"ஆமாங்க. மொத்தம் நாலு குழி. எண்ணூறுன்னா ஒரு குழிக்கு எவ்ளோ வரும்?"

"எரநூறு" என்று சொல்லிவிட்டு அவர் அப்படியே நின்றார்.

பாய் புரிந்துகொண்டார். "பிஸ்டன் மேல வந்தா குழியோட வாய்க்குச் சமமா நிக்கும். அத அடிமட்டத்துக்கு எறக்கிட்டா, அந்தப் பள்ளத்துல எவ்ளோ புடிக்குதோ அதான் அளவு மொதலாளி. நான் சொல்ல வேணாம், நீங்களே ஊத்திப் பாருங்க."

முதலாளி கடைக்கு ஆள் அனுப்பினார். ஒரு டின் கடலை எண்ணெயும், அரசாங்க முத்திரை குத்திய அவருடைய அளவுக் குவளைகளும் வந்தன. பாய் முன்பக்கம் கைப்பிடியைச் செருகிச் சுற்ற, முதல் குழியின் பிஸ்டன் மெதுவாகக் கீழே இறங்கியது. எண்ணெய் கசியாமல் இருக்க ஓரத்தில் விரலால் கிரீஸ் தடவினார். முதலாளி சட்டைக் கையை மடித்துக்கொண்டு, இருநூறு மில்லிக் குவளையை விளிம்பு வரைக்கும் நிரப்பினார். ஒரு சொட்டு கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அந்தக் கை வாழ்நாள் முழுக்க அதைத்தான் செய்திருக்கிறது. நூல் மாதிரி குழிக்குள் ஊற்றினார்.

எண்ணெய் குழியின் வாய்க்கு வந்து நின்றால் என் தம்பி திருடன். அவ்வளவுதான் விஷயம். தம்பி அப்போதுதான் தலையைத் தூக்கிப் பார்த்தான். பாய் ஒருவேளை தப்பாகச் சொல்லியிருந்தால் என்ற பயம் அந்த நிமிஷம்தான் எனக்கு வந்தது.

குவளை காலியானது. குழியின் வாய்க்குக் கீழே ஒரு விரல் அகலத்துக்கும் மேலாகவே இடம் இருந்தது.

முதலாளி ஐம்பது மில்லிக் குவளையை எடுத்து ஊற்றினார். அப்போதும் நிரம்பவில்லை. அப்புறம் இருபது ஊற்றினார். அதற்கும் மேல் ஒரு சொட்டு, இரண்டு சொட்டு என்று விட்டபிறகுதான் எண்ணெய் வாயைத் தொட்டது.

"பழைய என்ஜின், குடைஞ்சு பெருசு பண்ணியிருப்பாங்க" என்றார் முதலாளி சன்னமாக.

"குடைஞ்சா ரெண்டு ஸ்பூன் ஜாஸ்தி புடிக்கும் மொதலாளி. இவ்ளோ புடிக்காது" என்றார் பாய்.

முதலாளி அதோடு விடவில்லை. ஒரு மூட்டையைப் பார்த்து லோடு வாங்குகிற ஆள் இல்லை அவர். நான்கு குழிகளையும் தன் கையாலேயே அளந்தார். நான்கும் அதேதான். கூட்டினால் ஆயிரத்து நூறுக்குக் கொஞ்சம் கம்மி.

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். துண்டால் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். தம்பி நல்லவன் என்று தெரிந்த அதே நேரத்தில் அவருடைய வண்டி போலி என்றும் தெரிந்துவிட்டது. ஒன்றை விட்டால்தான் இன்னொன்று. அவரைக் குத்திக்காட்ட எனக்கு நல்ல சந்தர்ப்பம், ஆனால் வாய் வரவில்லை. எண்ணெய் படிந்த விரல்களோடு அவர் உட்கார்ந்திருந்ததைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது.

"வண்டி நல்ல வண்டிதான் மொதலாளி" என்றார் பாய்.

"சீக்கிரமா எல்லாத்தையும் மாட்டு. கீழ்பென்னாத்தூர் போவணும்" என்றார் முதலாளி. பெண் வீடு கைவிட்டுப் போகிற விஷயம் அவருக்கும் எட்டியிருக்கிறது.

வண்டி தயாரானதும் என்னையும் ஏற்றிக்கொண்டு கிளம்பினார். பெண் வீட்டு வாசலில் இறங்கியதும், நாற்காலி போட்டும் உட்காரவில்லை. பெண்ணின் அப்பாவிடம் நின்றுகொண்டே சொன்னார்: "இந்தப் பையன் ஒரு சொட்டுகூட எடுக்கல. கப்பல்ல வந்த என்ஜின்னு ஊரெல்லாம் சொல்லிக்கினு திரிஞ்சேன். அது பொய்ங்க. யாரோ மாத்தி என் தலையில கட்டிட்டான். என் கையாலயே அளந்து பாத்துட்டேன். நான்தான் இவனத் தப்பா நெனச்சேன்."

அந்த மனிதரின் வாயிலிருந்து அந்த வண்டியைப் பற்றி இப்படி ஒரு பேச்சு வரும் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை. அவர் மேல் இருந்த கோபமெல்லாம் எனக்கு அங்கேயே இறங்கிவிட்டது.

பெண்ணின் அப்பா வண்டியைப் பார்த்தார். "அப்ப அந்தப் பூட்டு?" என்று கேட்டார்.

முதலாளி அவசரமாக அரைஞாணிலிருந்து சாவியை அவிழ்த்து நீட்டினார். "இந்தாப்பா. நீயே கழட்டிடு."

தம்பி கையை நீட்டவில்லை. "இருக்கட்டுங்க மொதலாளி. நாளைக்கு வேற ஒரு கணக்கு இடிக்கும். பூட்டு இருந்தா ரெண்டு பேருக்கும் நல்லது. சாவி உங்ககிட்டயே இருக்கட்டும்" என்றான். அவன் அவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதே இல்லை.

கல்யாணம் நடந்தது. முதலாளிதான் முன்னால் நின்று நடத்தினார். தம்பி அவரிடமே வேலையில் இருந்தான். அவருக்கு ஒரு குறையும் வைக்கவில்லை. ஆனால் பூட்டை மட்டும் எடுக்கவிடவில்லை. ஒவ்வொரு தடவை பெட்ரோல் போடும்போதும் அவர்தான் இறங்கி, குனிந்து, திறக்க வேண்டும். அவன் ஓரமாகக் கையைக் கட்டிக்கொண்டு நிற்பான். "போதும் விட்டுடுடா" என்று நானே சொல்லிப் பார்த்தேன். சிரித்தானே தவிர அசையவில்லை.

எண்பதுகள் பிறந்துவிட்டன. தம்பி மகளை என் பள்ளியிலேயே சேர்ப்பது என்று முடிவானபோது, முதல் நாள் தன் வண்டியில்தான் போக வேண்டும் என்று முதலாளி பிடிவாதம் பிடித்தார். நானும் குழந்தையும் பின்னால், அவர் முன்னால் தம்பிக்குப் பக்கத்தில். அதற்கு முந்தைய வருஷம் அவருக்கு லேசாகப் பக்கவாதம் வந்து தெளிந்திருந்தது. வழியில் பெட்ரோல் பங்கில் நின்றோம். அவர் இறங்கிப் போய்க் குனிந்தார். சாவி துளைக்குள் போகவில்லை. ஒரு சொட்டு சிந்தாமல் எண்ணெய் ஊற்றிய அந்தக் கை உதறிக்கொண்டே இருந்தது. உதவிக்கு வந்த பங்கு ஆளை முறைத்து அனுப்பிவிட்டார். சாவி மறுபடி மறுபடி தகரத்தில் இடித்துக்கொண்டிருந்தது.

தம்பி கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு கிட்டே போய், "குடுங்க மொதலாளி" என்று சாவியை வாங்கித் திறந்தான். பெட்ரோல் நிரம்பியதும் அந்த மூடியை மாட்டவில்லை. முன்பக்கம் வந்து, முதலாளி உட்காரும் இடத்துக்கு எதிரே இருந்த டாஷ்போர்டுப் பெட்டியைத் திறந்தான். துடைக்கிற துணிக்கு அடியிலிருந்து, அவர் அன்றைக்குக் கழற்றிப் போட்ட, பெயிண்ட் உரிந்த பழைய தகர மூடியை எடுத்துப் போய் டாங்கில் திருகினான். பூட்டு மூடியைச் சாவியோடு அதே துணிக்கு அடியில் போட்டான்.

முதலாளி காரைப் பிடித்துக்கொண்டு நின்றார். "இத எங்கடா வெச்சிருந்த இத்தினி வருசமா?"

"வண்டியிலயேதாங்க. உங்க முன்னாடியேதான் இருந்துச்சி."