செவ்வாய்க்கிழமை மூண்டு மணி

இண்டைக்குக் கலண்டர் தாள் கிழிக்கேக்க செவ்வாய்க்கிழமை எண்டு கண்டன். ராகுகாலம் மூண்டில இருந்து நாலரை. அந்த எழுத்தைக் கண்டாலே எனக்கு ஏசி அறையின்ர குளிர் மணம் வந்திடும். சிரியாதேங்கோ, குளிருக்கும் மணம் இருக்கு. புதுப் பிளாஸ்டிக்கும் நனைஞ்ச குடையும் சேர்ந்த மணம்.

துறைமுக ரோட்டில, மாதர் சங்கத்து மேல்மாடியில செவ்வாய் தோறும் மூண்டு மணிக்குக் கொம்பியூட்டர் வகுப்பு. ஐம்பது வயசுக்கு மேல நான் மாணவி. மூண்டாம் வகுப்போட பள்ளிக்கூடத்தை விட்டனான். அதுக்குப் பிறகுதான் பள்ளிக்கூடம் நிம்மதியா இருந்தது. முதல் நாள் மவுஸைத் தூக்கி, ரீவி ரிமோட் மாதிரி திரைக்கு நேர நீட்டினனான். படிப்பிச்ச ஷிபானா மிஸ், கிண்ணியா ஊர்ப் பிள்ளை, என்ர மகளின்ர வயசு. சிரிக்காமல் என்ர கையைப் பிடிச்சு மேசையில வைச்சுவிட்டா. மூண்டு மாசம் போக, பக்கத்துக் கதிரைக்காரிக்குப் பாஸ்வேர்ட் போடச் சொல்லிக்குடுத்தது ஆர்? நான்தான். அவ்வளவு திமிர்.

அந்த நேரம் பாத்துத்தான் ஜெர்மனியில இருந்து தங்கச்சி எழுதினவள். அம்மாட செத்தவீட்டுக்கு அவள் வரேல்லை. விசா இல்லை எண்டு அழுதவள். இனி என்ர வீட்டுப் படலையைத் திறக்காதை எண்டு சொல்லிப் போனை வைச்சனான். ஒன்பது வருஷம் கதை இல்லை. மகளிட்ட என்ர ஈமெயிலை வாங்கி, அவள்தான் முதல் எழுதினவள். "அக்கா, எனக்குச் சுகமில்லை. ஒருக்கா வந்து பாக்கட்டோ? நீங்களே எழுதினாத்தான் வருவன்."

நானே எழுதினனான். வா, படலை திறந்துதான் கிடக்கு எண்டு. அதுக்கே அரை மணித்தியாலம். அனுப்பப் போகேக்க சுவர் மணிக்கூடு கண்ணில பட்டுது. மூண்டே முக்கால். கத்தரிக்கண்டு நடவே நேரம் பாக்கிறவள் நான்.

"அம்மா, இதுக்கு ராகுகாலம் தெரியாது. பட்டனை அமத்துங்கோ" எண்டா மிஸ்.

"எனக்குத் தெரியுமே, மிஸ்."

சேமிச்சு வைச்சிட்டு, நாலரைக்கு அனுப்புவம் எண்டு இருந்தன். நாலரைக்குக் காவல்காரர் மெயின் சுவிட்சை நிப்பாட்டிப்போட்டார், அவருக்கு பஸ். அடுத்த செவ்வாயும் அதே மூண்டு மணி. அதுக்கடுத்ததும். மகளிட்டச் சொல்லி அனுப்பியிருக்கலாம். நானே அமத்தவேணும் எண்ட பெருமை விடேல்லை. கிழமைக்கு ஒரு வரி கூட்டிக்கொண்டு போனன். கணவாய்க் கறி காய்ச்சித் தாறன் எண்டுகூட எழுதினனான்.

சான்றிதழ் குடுத்தது ஒரு புதன்கிழமை காலமை. பத்து மணி, நல்ல நேரம். கும்பிட்டுப்போட்டு அமத்தினன். எல்லாரும் கை தட்டிச்சினம். தந்த கேக்கைத் திண்டு முடிக்கேல்லை, பதில் வந்திட்டுது. எழுதினது தங்கச்சியின்ர மகன்.

"பெரியம்மா, அம்மா நேற்றுப் போயிட்டா. ஒவ்வொரு நாளும் ஈமெயில் பாத்தவ."

சான்றிதழ் அலுமாரியில கிடக்கு. ஈமெயில் அனுப்பத் தெரிஞ்ச ஆள் எண்டு கையெழுத்து வைச்சுத் தந்திருக்கினம். சங்கக் கட்டடத்தில இப்ப திமிங்கிலம் பாக்க வாற வெள்ளைக்காரர் தங்குகினம். மிஸ் கட்டாருக்குப் போயிட்டா. கனகாலம் திறக்காததால என்ர ஈமெயிலையும் மூடிப்போட்டாங்களாம். மகள் தேடிப் பாத்துச் சொன்னவள். தங்கச்சி எழுதினதும் அதோட போச்சு.

அவளின்ர ஈமெயில் வந்த அண்டைக்கு மிஸ் கேட்டவ, அதைத் தாளில அடிச்சுத் தரட்டோ எண்டு. நான் மணிக்கூட்டைப் பாத்தன்.

இப்ப வேண்டாம் பிள்ளை எண்டனான்.