தூசு தேடிய ஆடி மாதம்

கம்பியில்லாத வாக்குவம் கிளீனர் விற்கிறவருக்குப் போட்டிக் கடை எதிரி இல்லை. சுத்தமான வீடுதான் எதிரி. வீடு வீடாகப் போய்ப் பொருளை ஓட்டிக் காட்டி, கொடுத்த மோரைக் குடித்துவிட்டு, கொண்டுபோன பொருளோடு திரும்பி வந்தவர்கள் உங்களில் யாராவது இருந்தால், இதைப் படித்து மனசை ஆற்றிக்கொள்ளுங்கள்.

இடுப்பு வைத்த விண்ணப்பம்

காந்திபுரத்தில் ஒரு வீட்டு உபயோகப் பொருள் கடையில் எனக்கு வேலை. பதினோரு வருஷம் கிரைண்டர் பிரிவு. கோயமுத்தூரில் யாரும் கிரைண்டரை வெளியிலிருந்து பார்த்துவிட்டு வாங்குவதில்லை. கல்லை எடுத்து வெளியே வைக்கச் சொல்வார்கள். தட்டிப் பார்ப்பார்கள், தடவிப் பார்ப்பார்கள், அப்புறம் அடுத்த கிரைண்டரின் கல்லை எடுக்கச் சொல்வார்கள். என் இடுப்பு போனது அப்படித்தான்.

ஆகவே முதலாளியிடம் நானே ஒரு யோசனை சொன்னேன். ஆடிக் காற்று பாலக்காட்டுப் பக்கமிருந்து அடிக்க ஆரம்பித்தால் ஊரே தூசாகிவிடும், கம்பியில்லாத வாக்குவம் கிளீனர் இறக்குங்கள், அந்தப் பிரிவை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். தூக்கிக் காட்ட லேசான பொருள் என்பதைச் சொல்லவில்லை. ஆறு வந்து இறங்கின. ஆனி முழுக்க அந்த ஆறும் அலமாரியிலேயே இருந்தன. அவற்றின் மேல் படிந்த தூசை நான் துணியால் துடைத்துக்கொண்டிருந்ததை முதலாளி பார்த்துவிட்டார். வீடுகளுக்கே எடுத்துப்போய் ஓட்டிக் காட்டுகிறேன், இன்னும் ஒரு மாசம் கொடுங்கள் என்று கேட்டேன். முதலாளி சொன்னார்: "ஆடி முடியறதுக்குள்ள ஒண்ணே ஒண்ணு வித்துக் காட்டு அம்மணி, இல்லாட்டி பேசாம கிரைண்டருக்கே போயிரு."

கிணத்துக்கடவு மோர்

முதல் வீடு கிணத்துக்கடவில், தென்னந்தோப்புக்கு நடுவில். சரஸ்வதியக்கா என்று பெயர். கடைக்கு மிக்ஸி மாற்ற வந்தபோது, ஓட்டிக் காட்டுங்கள் பார்க்கலாம் என்று தானே கேட்டவர். சுற்றிலும் மண் பாதை, களத்தில் உரித்த தேங்காய் மட்டை, நார். அத்தனை தூசைப் பார்த்ததும் எனக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

உள்ளே காலை வைத்தால் தரை சில்லென்று இருந்தது. இயந்திரத்தைக் கூடம் முழுக்க ஓட்டினேன். தூசு சேரும் டப்பா கண்ணாடி மாதிரி காலியாகவே இருந்தது. கட்டிலுக்கு அடியில் விட்டேன், பீரோவுக்குப் பின்னால் விட்டேன். மிளகு அளவுக்குக்கூட ஒன்றும் வரவில்லை. குனிந்து நிமிர்ந்ததில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன். அக்கா மோர் கொடுத்து விசாரித்தார். கிரைண்டர் கதையையும் ஆடிக் கெடுவையும் சொல்லித் தொலைத்தேன். அவருக்கு முகமே வாடிப்போய்விட்டது. "ஏனுங்க, ஆள் வாராங்கன்னா கூட்டித் தொடைச்சுத்தான வெக்கோணும், தூசி வேணும்னு ஒரு போன் பண்ணியிருக்கலாமுங்களே" என்றார்.

கையோடு கொண்டுபோன தூசு

பாடம் கற்றுக்கொண்டேன். அடுத்த முறை கடைக் கிடங்கைக் கூட்டி, ஒரு பிளாஸ்டிக் கவர் நிறையத் தூசு அள்ளிப் பைக்குள் வைத்துக்கொண்டேன். போன இடம் கோட்டைமேட்டில் ஜவுளி வியாபாரம் செய்யும் ஒரு பாய் வீடு. கூடத்தில் அழகான கம்பளம். அனுமதி கேட்டுக்கொண்டு கவரைக் கம்பளத்தின் மேல் கொட்டிவிட்டு, இப்போது பாருங்கள் என்று இயந்திரத்தின் சுவிட்சை அழுத்தினேன். இரண்டு முழம் போனது. அப்புறம் மூச்சை விட்டுவிட்டது.

கடை மூடும்போது மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுப் போவது எங்கள் முதலாளியின் வழக்கம். பதினோரு வருஷமாக நானே பார்த்த வழக்கம். அதை மறந்துவிட்டு, முந்தின நாள் கிளம்பும்போது சார்ஜில் மாட்டி, விடிவதற்குள் நிறைந்துவிடும் என்று நம்பியிருக்கிறேன். எனக்குத் தரையில் புதைந்துகொள்ளலாம் போல இருந்தது. பாய் வீட்டம்மா துடைப்பம் எடுத்து வந்தார். நான் எவ்வளவு கேட்டும் கையில் தரவில்லை. பாய் வாசல் வரை வந்து வழியனுப்பினார். "தூசியையும் நீங்களே கொண்டுவந்தீங்க, அதை இங்கயே வச்சுட்டு மெஷினை மட்டும் எடுத்துட்டுப் போறீங்களேம்மா" என்றார்.

பீளமேட்டு ஸ்க்ரூ

சார்ஜ் முழுக்க ஏற்றிக்கொண்டு அடுத்து பீளமேடு. அங்கே பம்பு மோட்டார் பட்டறை வைத்திருக்கும் ஒருவர். இந்த ஊரில் பாதிப் பேருக்கு மோட்டார் என்றால் அதை ஓட விட்டுப் பார்ப்பது இரண்டாம் பட்சம். கழற்றிப் பார்ப்பதுதான் முதல். சுவிட்சைத் தொடுவதற்கு முன்பே ஸ்க்ரூடிரைவர் வந்துவிட்டது. செய்தித்தாள் விரித்து ஒவ்வொரு பாகமாக அடுக்கினார். மோட்டாரை விரலால் சுண்டிவிட்டு, இத்தனூண்டு மோட்டார் என்னமாய்ச் சுத்துது பாருங்கள் என்று மனசாரப் பாராட்டினார். வாங்குகிற பேச்சே இல்லை.

திரும்ப மாட்டினார். இயந்திரம் ஓடவும் ஓடியது. ஆனால் தாளில் இரண்டு ஸ்க்ரூ மிச்சம் இருந்தது. அவர் கொஞ்சமும் கலங்கவில்லை. அதை ஒரு காகிதத்தில் மடித்து மரியாதையாக என் கையில் கொடுத்தார்: "இது ரெண்டும் கம்பெனிக்காரன் சும்மா போட்டதுங்க, இல்லாமயே நல்லா ஓடுது பாருங்க."

நாலாம் நாள்

காரமடை, மேட்டுப்பாளையம் என்று அலைந்தேன். யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. எங்கள் பக்கத்தில் அப்படி முகத்தில் அடித்த மாதிரி சொல்ல மாட்டார்கள். எல்லோரும் யோசித்துச் சொல்கிறோம் என்றார்கள். ஆடி முடிய மூன்றே நாள். கிரைண்டர் பிரிவில் புதுச் சரக்கு வந்து இறங்கியிருந்தது. அந்தக் கற்களைப் பார்க்கும்போதே எனக்கு அழுகை வந்தது.

அப்போது சரஸ்வதியக்காவிடமிருந்து போன். உடனே கிளம்பி வா என்றார். போனேன். கூடத்தில் என் செருப்பில்லாத கால் பட்ட இடமெல்லாம் தடம் விழுந்தது. காற்று கொண்டுவந்த மண், தேங்காய் நார், மூலைக்கு மூலை முடிச்சுமுடிச்சாகத் தலைமுடி. நாலு நாளாகக் கூட்டவே இல்லையாம். ஆடி வெள்ளிக்கு மட்டும் சாமி அறையைக் கூட்டினாராம். வீட்டுக்காரர் கோபித்துக்கொண்டு தோப்பிலேயே சாப்பிட்டாராம். எனக்காகவா இப்படி என்று கேட்டேன். அவர் பதிலுக்கு எடை எவ்வளவு, எவ்வளவு நேரம் ஓடும், வடிகட்டியைக் கழுவலாமா என்று வரிசையாகக் கேட்டார். நானும் பட்டது போதும் என்று உள்ளதைச் சொன்னேன். வேகம் கூட்டினால் சார்ஜ் சீக்கிரம் தீரும், இத்தனை பெரிய வீட்டை ஒரே மூச்சில் முடிக்காது என்றேன். பரவாயில்லை, பாதியைக் காலையில், பாதியைச் சாயங்காலம் என்றார்.

ஓட்டினேன். முன்கட்டு முடிவதற்குள் டப்பா நிறைந்தது. கொட்டிவிட்டு ஓட்டினால் மறுபடியும் நிறைந்தது. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அக்கா டப்பாவை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு வாசற்கதவைச் சாத்திவிட்டு வந்து, குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "ஒண்ணு குடுத்துட்டுப் போ கண்ணு, ஆனா இத்தனை தூசியும் எங்க ஊட்டுலதான் இருந்துச்சுன்னு வெளிய ஒருத்தருகிட்டயும் சொல்லிப்போடாத."

ஆகக் கம்பியில்லாத வாக்குவம் கிளீனர் விற்கத் தேவையானது நல்ல சார்ஜோ நாவன்மையோ அல்ல. நம் இடுப்புக்காக நாலு நாள் வீட்டைக் கூட்டாமல் போட்டுவைக்கிற ஒரு புண்ணியவதிதான்.