கடைசிப் பந்தியின் கணக்கு

போன வருடம் கிள்ளானில் ஒரு கோயில் மண்டபத்தில் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம். நான் பட்டம் வாங்கி ஒன்றரை வருடம் ஆகியிருந்தது, வேலை கிடைக்கவில்லை. கல்யாணத்துக்கு வந்தவர்களில் பாதிப் பேர் மாப்பிள்ளையைப் பார்க்க வந்தார்கள், மீதிப் பேர் என்னிடம் "வேலை கெடச்சிருச்சா?" என்று கேட்க வந்தார்கள். அவர்கள் சாப்பிட்டுக் கிளம்பட்டும் என்று செருப்பு விடும் இடத்தில், ஒரு தூணுக்குப் பின்னால் நின்றுகொண்டேன்.

தூணுக்கு முன்னால் அப்பாவும், அம்மாவின் அண்ணனான மாமாவும் பேசிக்கொண்டிருந்தார்கள். மாமா என்னைப் பற்றி விசாரித்தார். அப்பா சொன்னார்: "படிச்சிருக்கு மச்சான். ஆனா சோம்பேறி. இந்த நாட்டுல நூத்துக்கு மூணு பேருக்குத்தான் வேலை இல்லையாம், நியூஸ்ல சொல்றான். அந்த மூணுல ஒண்ணு எங்க வீட்டுல ஒக்காந்திருக்கு." இரண்டு பேரும் சிரித்தார்கள்.

அப்பா முப்பது வருடமாகத் துறைமுகத்திலிருந்து கண்டெய்னர் லோரி ஓட்டுகிறார். காய்ச்சலோடு போன நாள்கூட உண்டு, லீவு போட்டு நான் பார்த்ததில்லை. அவர் அகராதியில் சோம்பேறி என்பதற்கு மேல் கெட்ட வார்த்தை கிடையாது. எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. ரவாங்கில் ஒரு தொழிற்சாலை, ஸ்ரீ கெம்பாங்கானில் ஒரு கணக்கு அலுவலகம், இன்னும் எத்தனையோ இடம் ஏறி இறங்கியிருக்கிறேன். எல்லா இடத்திலும் அனுபவம் கேட்டார்கள். யாராவது வேலை கொடுத்தால்தானே அனுபவம் வரும் என்று கேட்டால், அதற்கும் அனுபவம் உள்ளவர்கள்தான் பதில் சொல்ல வேண்டும் போலிருக்கிறது.

ஒளிந்து நின்றதில் எனக்குக் கிடைத்தது கடைசிப் பந்தி. கூட்டு தீர்ந்துவிட்டது, அப்பளம் உடைசல். பாயசம் கேட்டபோது பரிமாறுகிறவர் வாளியைக் கவிழ்த்துக் காட்டினார். அப்பா வழக்கம்போல முதல் பந்தி. பந்திக்கு முந்து என்பது அவருக்குப் பழமொழி இல்லை, கொள்கை.

"பாயசம் பிரமாதம்லா," என்றார் காரில் ஏறியதும்.

"எனக்குக் கெடைக்கலப்பா."

"நேரத்தோட வந்து ஒக்காந்திருக்கணும்."

எனக்கு ஒரு வேலை வேண்டும். அதைவிட, அப்பா என் மேல் ஏற்றி வைத்த அந்தச் சொல்லை அவரே இறக்க வேண்டும். அன்றைக்கு நான் முடிவு செய்தது அவ்வளவுதான்.

மூன்று வாரம் கழித்து பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து அழைப்பு வந்தது. கடை வரிசைக்கு மேலே, மாடியில் ஒரு சின்ன ஆய்வு நிறுவனம். கிள்ளானிலிருந்து கொமுட்டர் ரயிலில் போய் இறங்கினேன். நேர்காணலுக்கு வந்திருந்த எங்கள் ஆறு பேருக்கும் ஆளுக்கொரு கணினியும் ஒரு தாளும் கொடுத்தார்கள். தாளில் ஐந்து நாடுகள்: தென்னாப்பிரிக்கா, ஸ்பெயின், மலேசியா, ஜெர்மனி, ஜப்பான். ஒவ்வொன்றுக்கும் இரண்டு எண்கள். ஒன்று, எல்லா வயதினரிலும் நூற்றுக்கு எத்தனை பேருக்கு வேலையில்லை. மற்றது, இளைஞர்களில் மட்டும் எத்தனை பேருக்கு. எந்த நாட்டில் இளைஞர்கள் அதிகம் பின்தங்கி நிற்கிறார்கள் என்று வரிசைப்படுத்த வேண்டும். ஒரு மணி நேரம்.

வேலையில்லாத ஆறு இளைஞர்களை உட்காரவைத்து இந்தக் கேள்வியைக் கேட்டவருக்கு நல்ல நகைச்சுவை உணர்ச்சி இருந்திருக்க வேண்டும்.

முதலில் எல்லாரையும் போலக் கழித்தேன். இளைஞர் எண்ணிலிருந்து மொத்த எண்ணைக் கழித்தால் தென்னாப்பிரிக்கா எங்கேயோ உச்சியில். அங்கே மொத்தத்திலேயே மூன்றில் ஒருவருக்கு வேலை இல்லை, இளைஞர்களில் பாதிக்கு மேல் இல்லை. அடுத்தது ஸ்பெயின். மலேசியா நடுவில் சொகுசாக உட்கார்ந்திருந்தது. மொத்தம் நூற்றுக்கு மூன்று சொச்சம், இளைஞர்கள் பத்தைக் கொஞ்சம் தாண்டி. "பாத்தியா?" என்று அப்பா காதுக்குள் கேட்டார்.

அந்தக் குரலுக்காகவே திரும்ப அந்த இரண்டு எண்களைப் பார்த்தேன். மூன்று, பத்து. மும்மடங்கு! இந்த முறை கழிக்காமல் வகுத்தேன். ஐந்து நாட்டுக்கும் வகுத்தபோது பட்டியல் புரண்டுவிட்டது. மலேசியா முதலிடம். உச்சியில் இருந்த தென்னாப்பிரிக்காவில் இரண்டு மடங்குகூட இல்லை, ஜெர்மனிக்கும் கீழே போய்விட்டது. ஸ்பெயின் அதே இரண்டாமிடத்தில், ஜப்பான் இரண்டு கணக்கிலும் கடைசியில் சமர்த்தாக இருந்தது. ஆத்திரத்தில் தப்பாகச் செய்துவிட்டேனோ என்று மூன்று தடவை சரிபார்த்தேன். தப்பில்லை. இரண்டு பட்டியலையும் ஒரே தாளில் போட்டுக் கொடுத்தேன்.

நேர்காணல் எடுத்தவர் அந்த நிறுவனத்தை நடத்தும் பெண்மணிதான். தமிழர். என் தாளைத் தூக்கிக் காட்டினார்.

"எல்லாரும் ஒரு பட்டியல்தான் போட்டிருக்காங்க. நீங்க ரெண்டு போட்டு, ரெண்டாவதுல மலேசியாவ மேல வச்சிருக்கீங்க. நம்ம நாடு தென்னாப்பிரிக்காவவிட மோசமா?"

"மோசம் இல்ல, மேடம். வேற மாதிரி."

"எப்படி?"

படித்த பொருளாதாரம் எல்லாம் அந்த நேரம் பார்த்து எங்கேயோ போய்விட்டது. நாக்கில் வந்தது கல்யாணம்தான்.

"ஒரு கல்யாணத்துல பாயசமே கொஞ்சமாத்தான் வச்சிருக்காங்கன்னு வச்சுக்குங்க, மேடம். எந்தப் பந்தியில ஒக்காந்தாலும் நெறைய பேருக்குக் கெடைக்காது. அது சமையல் பிரச்சினை, தென்னாப்பிரிக்கா அந்த மாதிரி. இன்னொரு கல்யாணத்துல பாயசம் நெறைய இருக்கு. மொதப் பந்திக்கு ரெண்டு தடவ ஊத்துறாங்க, கடைசிப் பந்திக்கு வாளியக் கவுத்துக் காட்டுறாங்க. அது பரிமாறுற பிரச்சினை, நம்ம நாடு அந்த மாதிரி. அங்க எல்லாருக்குமே கஷ்டம். இங்க எங்களுக்கு மட்டும். அது கழிச்சாத் தெரியாது, வகுத்தாத்தான் தெரியும்."

"அப்ப ஜெர்மனி?"

"அங்க நெறைய பேரப் படிக்கும்போதே வேலையிலயும் ஒக்கார வச்சிடுறாங்க. எலய முன்னாடியே போட்டு வச்ச மாதிரி."

அந்த அம்மா சிரித்துவிட்டார். "நீங்க எந்தப் பந்தி?"

"கடைசி, மேடம்."

"திங்கக்கெழம வந்துருங்க."

படியில் எப்படி இறங்கினேன் என்று நினைவில்லை. கீழே முதலில் கண்ணில் பட்ட சாப்பாட்டுக் கடைக்குள் நுழைந்து இரண்டு பாயசம் கேட்டேன். "ரெண்டு பேரா?" என்றார் கடைக்காரர். "ஒரே ஆள்தான் அண்ணே, பழைய பாக்கி," என்று சொல்லி இரண்டையும் குடித்தேன். அவ்வளவு ருசியான பாயசம் அதற்கு முன்னும் பின்னும் நான் குடித்ததில்லை.

பந்தி, பாயசம், இலை என்று நேர்காணலில் பேசியதையும் சேர்த்து வீட்டில் சொன்னதும் அம்மா கட்டிப்பிடித்துக்கொண்டாள். அப்பா "நல்லது," என்றார். நான் விடவில்லை. அந்த அம்மாவிடம் கேட்டு வாங்கிக் கையோடு கொண்டுவந்த தாளை அவர் முன்னால் விரித்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார்.

"மூணு சரி. இந்தப் பத்து யாரு?"

"நாங்கப்பா. என் வயசுக்காரங்க."

"நியூஸ்ல இதச் சொல்லலையே."

"சொல்லியிருப்பாங்க. நீங்க மொத நம்பரோட டிவிய அடைச்சிருப்பீங்க." அதோடு நிறுத்தவும் முடியவில்லை. "இன்னொண்ணு. வேலை தேடாம சும்மா இருக்கறவங்கள இதுல பொதுவா சேக்கவே மாட்டாங்க. தேடித் தேடிக் கெடைக்காதவங்கதான் இந்தப் பத்து. சோம்பேறிக்கு இந்தக் கணக்குல எடமே இல்ல."

அந்தச் சொல்லைக் கேட்டதும் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். தூணுக்குப் பின்னால் நான் நின்றது அப்போதுதான் அவருக்குப் புரிந்திருக்கும். தாளை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வேலைக்குக் கிளம்பிவிட்டார். வேலை கிடைத்துவிட்டது, சொல் மட்டும் இறங்கவில்லை.

இந்த வருடம் அதே மண்டபத்தில் இன்னொரு கல்யாணம். மாமாவின் மகளும் இப்போது படிப்பை முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருக்கிறாள். எங்கள் பக்கத்தில்தான் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். மாமா அப்பாவிடம் அலுத்துக்கொண்டார்: "என்னா செய்றது மச்சான், சோம்பேறியா இருக்கு."

"அப்படிச் சொல்லாத," என்றார் அப்பா. சட்டைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். என் தாள். மடிப்பெல்லாம் கிழிந்து டேப் ஒட்டியிருந்தது. "அது சோம்பேறி இல்ல மச்சான். கடைசிப் பந்தி. நானும் தெரியாமத்தான் எம்மகளச் சொல்லிட்டேன், தப்பு. எந்திரி எந்திரின்னு புள்ளயப் போட்டு வெரட்டாத. வேல குடுக்கறவங்கள எல போடச் சொல்லு."

அதற்குள் முதல் பந்திக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். அப்பா நகரவில்லை. மாமாவின் மகள் தோளைத் தொட்டு, "நீ போய் ஒக்காரும்மா," என்று அனுப்பினார்.

நானும் அப்பாவும் கடைசிப் பந்தியில் உட்கார்ந்தோம். பரிமாறுகிறவர் எங்கள் வரிசைக்கு வந்ததும் வாளியைக் கவிழ்த்துக் காட்டினார். அன்றைக்கு அப்பாவுக்குப் பாயசம் கிடைக்கவில்லை. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.