தூசி படியாத பந்து

ஒன்பது வயதில் எனக்கு ஒரு உத்தியோகம் இருந்தது. சித்தப்பாவின் ஜீப்பில் இரண்டாவது கியரைப் பிடித்துக்கொள்வது. வீட்டில் வேறு யாருக்கும் அந்த வேலையைத் தரமாட்டார் என்பதில் எனக்கு அப்படியொரு கர்வம்.

அது பட்டாளத்தில் கழித்துவிட்ட பழைய ஜீப். ஏலத்தில் எடுத்துக்கொண்டு வந்திருந்தார். இரண்டாவது கியரைப் போட்டுவிட்டுக் கையை எடுத்தால் பத்தடி போவதற்குள் 'டப்'பென்று தானாக நழுவி நியூட்ரலுக்கு வந்துவிடும். வண்டி வெறும் உறுமலோடு நின்றுபோகும். அதனால் அவர் கியரைப் போட்டதும், பக்கத்து சீட்டில் இருக்கும் நான் இரண்டு கையாலும் கம்பியை முன்னால் தள்ளிப் பிடித்துக்கொள்ள வேண்டும். கம்பியின் உச்சியில் இருந்த குமிழ் எப்போதோ உடைந்துபோய், அந்த இடத்தில் ஒரு சிவப்பு ரப்பர் பந்தைத் துளைத்துச் செருகியிருந்தார். அது என்னுடைய பந்து. கேட்காமல் எடுத்துக்கொண்டார் என்பதையும் இங்கே சொல்லி வைக்கிறேன்.

இரண்டாவது கியராவது பரவாயில்லை, ஒரு சின்னப் பெண் பிடித்தால் நிற்கும். ரிவர்ஸ் சித்தப்பாவைத் தவிர யாருக்கும் மசியாது. கிளட்ச்சை மிதித்து, மூன்றாவது கியரை ஒரு தடவை தொட்டுவிட்டு, கிளட்ச்சைப் பாதி விட்டு மறுபடி மிதித்து, கம்பியைக் கொஞ்சம் தூக்கி, உள்ளங்கையால் இடது பக்கம் ஒரு தட்டுத் தட்ட வேண்டும். சரியான நேரத்தில் தட்டினால் கண்ணாடி டம்ளரில் நகம் பட்டதுபோல ஒரு சத்தத்தோடு விழும். செங்கல்பட்டிலிருந்து வந்து பார்க்கும் மெக்கானிக்குக்கே அது வரவில்லை. ஒவ்வொரு தடவையும் வியர்த்து விறுவிறுத்துப்போய், இறங்கி வண்டியைக் கையால் பின்னுக்குத் தள்ளுவார். சித்தப்பா விழுந்து விழுந்து சிரிப்பார்.

நாங்கள் சதுரங்கப்பட்டினத்தில், கோட்டைக்குப் பின்னால் ஒரே காம்பவுண்டுக்குள் குடியிருந்தோம். முன்வீடு எங்களுடையது. பின்வீட்டில் சித்தப்பாவும் சித்தியும். அப்பா, சித்தப்பா இரண்டு பேருக்கும் கல்பாக்கத்தில் வேலை. பின்வீட்டு வாசலுக்கு எதிரே ஓலைக்கொட்டகை. அதில்தான் ஜீப், முகத்தைச் சுவர்ப் பக்கம் வைத்துக்கொண்டு நிற்கும். ஹேண்ட்பிரேக் பெயருக்குத்தான் இருந்தது. அதனால் சித்தப்பா முதல் கியரில் போட்டுத்தான் நிறுத்துவார். ஞாயிற்றுக்கிழமைகளில் கரைக்குப் போய் மீனவர்களின் படகுகளை மணலில் இழுத்துக் கொடுப்பார். விடியற்காலையில் சித்தியோடு மீன் வாங்கப் போவதும் அதில்தான். உப்புக்காற்று அந்த ஜீப்பின் ஒவ்வொரு ஆணியையும் தின்றுகொண்டிருந்தது.

அந்த வருஷம் ஆவணியில், ஆபீஸ் பஸ்ஸில் உட்கார்ந்தபடியே சித்தப்பா போய்விட்டார். மார்வலியாம். முப்பத்து நாலு வயது. சித்திக்கு இருபத்தாறு. குழந்தை இல்லை.

பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்த சித்தியின் அண்ணன், தங்கையை வந்தவாசிக்குக் கூட்டிக்கொண்டு போகிறேன் என்று உட்கார்ந்துவிட்டார். சித்தி போகமாட்டேன் என்றாள். அதுவரை அப்பா எதிரில் வாய் திறந்து பேசாதவள், கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு பேசினாள்.

"ஜீப்ப விக்க வேணாம் மாமா. படகு இழுத்தா வாரத்துக்கு ரெண்டு நாள் வேல கீது. மகாபலிபுரத்துக்கு வர்றவங்கள கோவளம் வரைக்கும் கூட்டினு போலாம். ஓட்டுறதுக்கு நான் ஏற்பாடு பண்ணிக்கிறேன். இங்கயே இருந்துக்கிறேன்."

கடைசியில் அப்பா மூன்று மாதம் பார்க்கலாம் என்று தீர்ப்பு சொன்னார். ஜீப் ஓடினால் சித்தி இருக்கலாம், ஓடாவிட்டால் அதை விற்றுவிட்டு அண்ணனோடு போக வேண்டும். எனக்கு உயிரே வந்தது. சித்தி போய்விட்டால் எனக்கு யார் இருக்கிறார்கள்? என் முடியைக் கோணலாக வெட்டிவிட்டு அதுதான் ஃபேஷன் என்று சாதிக்கிறவள் அவள்தான். வாரப் பத்திரிகையில் வரும் பேய்க்கதையை அம்மாவுக்குத் தெரியாமல் எனக்குப் படித்துக் காட்டுகிறவளும் அவள்தான். ஜீப்பை யாரும் தொடக்கூடாது, அது பத்திரமாக இருக்க வேண்டும் என்று தினமும் சாமி கும்பிட்டேன்.

அடுத்த வாரமே அது நடந்தது.

சனிக்கிழமை. அரை நாள் பள்ளிக்கூடம். வீட்டுக்கு வரும்போது பன்னிரண்டரை இருக்கும். அம்மா உள்ளே அசந்து தூங்கிக்கொண்டிருந்தாள். கடற்காற்று சுத்தமாக நின்றுபோய், ஊரே செத்ததுபோல ஒரு வெயில். கைபம்பில் கால் கழுவிக்கொண்டிருந்தேன்.

கொட்டகைக்குள்ளிருந்து ஒரு முனகல் கேட்டது.

இன்ஜின் சத்தம் இல்லை. அதை நான் தூக்கத்தில்கூட அடையாளம் சொல்வேன். இது வேறு. யாரோ பல்லைக் கடித்துக்கொண்டு பாரத்தை இழுப்பதுபோல, 'ர்ரூம்... ர்ரூம்...' என்று விட்டு விட்டு. பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஜீப்பின் பின்பக்கம் கொட்டகையை விட்டு வெளியே வந்தது. ஒவ்வொரு முனகலுக்கும் ஒரு சாண். டிரைவர் சீட்டில் யாரும் இல்லை. பக்கத்தில் என் சீட்டிலும் யாரும் இல்லை. நடுவில் சிவப்புப் பந்து மட்டும் கிடுகிடுவென்று நடுங்கிக்கொண்டிருந்தது.

ஜீப் வெயிலுக்குள் முழுசாக வந்து, முற்றத்தைக் கடந்து, பின்வீட்டு வாசலுக்கு ஆறடி தூரத்தில் நின்றது. முனகலும் நின்றது. அதற்கப்புறம் இருந்த அமைதியில் பம்பிலிருந்து சொட்டும் தண்ணீர் எனக்குக் கேட்டது.

பிறகு எப்படியோ கத்தியிருக்கிறேன். அம்மா ஓடிவந்தாள். பக்கத்து வீட்டு அக்கா சுவருக்கு மேலே எட்டிப் பார்த்தாள். சித்தி கதவைத் திறந்துகொண்டு வாசலுக்கு வந்து, நிலையைப் பிடித்தபடி நின்றாள். மற்றவர்கள் எல்லாரும் பயந்தோம். அவளுடைய பார்வை மட்டும், அடுப்பில் வைத்த பாலை மறந்துபோய் அது பொங்கி வழிந்ததைப் பார்க்கிறவளின் பார்வையாக இருந்தது. அது ஏன் என்று எனக்குப் புரியவில்லை.

"பாரேன், நேரா பொண்டாட்டி வாசலுக்கே வந்து நின்னுட்டாரு," என்றாள் பக்கத்து வீட்டு அக்கா. சொல்லிவிட்டு அவளே வாயைப் பொத்திக்கொண்டாள்.

சாயங்காலத்துக்குள் தெரு முழுவதும் வந்து பார்த்துவிட்டுப் போயிற்று. அதைத் திரும்பக் கொட்டகைக்குள் தள்ள ஒருவர்கூடக் கை கொடுக்கவில்லை. ஜீப் சித்தியின் வாசலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அப்படியே நின்றது. சாப்பாட்டுத் தட்டோடு அந்த வழியாகப் போன அம்மா, அதன் பக்கம் திரும்பாமலே சுவரோரமாக ஒட்டிக்கொண்டு போனாள்.

மறுநாள் காலை அப்பா செங்கல்பட்டு மெக்கானிக்கை வரவழைத்தார். விஷயம் எப்படியோ எட்டி, வந்தவாசி அண்ணனும் வந்து சேர்ந்தார். முற்றத்தில் இருபது பேர் இருப்பார்கள். மெக்கானிக் ஜீப்புக்கு அடியில் போய்ப் படுத்தார். கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது.

"சார், இதுதான் சார் உங்க பேயி!" வெளியே வந்து, காலால் மிதித்து ஸ்டார்ட் செய்யும் சுவிட்சைக் கழற்றிக் காட்டினார். துருவேறி அதிரசம்போல உப்பியிருந்தது. "கடல் காத்துல இது பூராவும் துருப்புடிச்சி போயி, வெயில்ல சூடாயி ஒட்டிக்கிச்சி. ஸ்டார்ட்டர் தானா சுத்துது. வண்டி கியர்ல இருந்தா அப்டியே இஸ்துகினு போவும். பேட்டரி தீந்ததும் நின்னுடும். சாவிகூட தேவையில்ல."

எல்லாருக்கும் மூச்சு வந்தது. சித்தப்பா போனதற்குப் பிறகு அப்பா முதல் தடவையாகச் சிரித்தார். ஜீப் தப்பித்தது, சித்தியும் தப்பித்தாள் என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. வண்டியை உள்ளே தள்ளுவதற்காக மெக்கானிக் கியரை எடுக்கப் போனார். பந்தின் மேல் வைத்த கை அப்படியே நின்றது.

"சார்... வண்டி ரிவர்ஸ்ல கீது."

"அதுக்கென்ன?" என்றார் அப்பா.

"உங்க தம்பி எப்பவும் ஃபர்ஸ்ட்ல போட்டுட்டுதான நிறுத்துவாரு? ஃபர்ஸ்ட்ல இருந்தா முன்னால போயி செவுத்துலதான முட்டியிருக்கும்?" அவர் குரல் இறங்கிக்கொண்டே போனது. "இதுக்கு ரிவர்ஸ் எனக்கே உழாது சார். அவரு ஒருத்தரு கைக்குதான் உழும். யாரு போட்டது?"

அவர் பந்திலிருந்து கையை எடுத்து பேண்ட்டில் துடைத்துக்கொண்டார். நான்தான் பேசினேன். பெரியவர்கள் எல்லாரும் திகைத்து நிற்கும்போது நமக்கு மட்டும் ஒன்று தெரிகிறதென்றால் ஒன்பது வயதில் சும்மா இருக்க முடியுமா? கியர் பிடிக்கிறவள் என்ற உரிமையில் ஏறி எட்டிப் பார்த்தேன். பானெட், கண்ணாடி, என் சீட், எல்லாவற்றிலும் மூன்று வாரத்து மணல் தூசி, விரலால் பெயர் எழுதலாம்போல. பந்து மட்டும் புதிதுபோலப் பளபளத்தது.

"அப்பா, பந்துல தூசியே இல்ல! இங்க பாரேன், சித்தப்பா சீட்லயும் இல்ல! யாரோ உக்காந்து உக்காந்து எழுந்த மாதிரி கீது!"

அப்பா வந்து பார்த்தார். ஒருவர் உட்காரும் அளவுக்கு அந்தச் சீட்டில் தூசி அகன்றிருந்தது. அப்பா இரண்டடி பின்வாங்கினார். பின்னால் யாரோ ஒரு பெண் "ஐயோ, தெனமும் வந்துகினு இருந்திருக்காரே" என்று அழ ஆரம்பித்தாள். நான் சித்தியைத் திரும்பிப் பார்த்தேன். எவ்வளவு பெரிய விஷயத்தைக் கண்டுபிடித்திருக்கிறேன், என்னை மெச்சுவாள் என்று நினைத்தேன். சித்தி ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். எதிரில் நின்ற அண்ணனைப் பார்த்தாள். வாயை மூடிக்கொண்டாள். இடது கையை முந்தானைக்குள் சுற்றிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

"இதுக்கு மேல இன்னா பாக்கணும்?" என்றார் அண்ணன்.

மூன்று மாதத் தவணை மூன்று நாளாகச் சுருங்கிவிட்டது. புதன்கிழமை கோவளத்திலிருந்து ஒருவர் வந்து ஜீப்பை வாங்கிக்கொண்டார். காம்பவுண்டுக்குள் திருப்ப ரிவர்ஸ் எடுக்க வேண்டும். யாருக்கும் விழவில்லை. ஆறு ஆட்கள் சேர்ந்து மூச்சு வாங்க வாங்க முன்னும் பின்னுமாகத் தள்ளித் திருப்பினார்கள். கால் மணி நேரம் ஆயிற்று. சித்தி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கடைசி வரை பார்த்தாள்.

பத்துப் பன்னிரண்டு வருஷம் கழித்து, செங்கல்பட்டில் ஒரு டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தேன். முதல் நாள் வண்டியை ஸ்டார்ட்கூடச் செய்யவிடவில்லை. சொல்லிக்கொடுத்தவர் மரத்தடியில் காரை நிறுத்தி, என்னை டிரைவர் சீட்டில் உட்காரவைத்து, "மொதல்ல கைக்குப் பழகணும்மா. இன்ஜின் ஆஃப்லயே இருக்கட்டும். ஒண்ணு, ரெண்டு, மூணு, ரிவர்ஸ். போட்டுப் போட்டு எடு," என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனார். நிற்கிற காரில், நட்ட நடு மத்தியானத்தில், தனியாக உட்கார்ந்து கியர் போட்டுக்கொண்டிருந்தேன். நாலாவது தடவையோ ஐந்தாவது தடவையோ ரிவர்ஸ் விழுந்தபோது என் கை அங்கேயே நின்றுவிட்டது. அன்று முற்றத்தில்கூட நான் அப்படிப் பயப்படவில்லை.

ஓட்டுவதற்கு ஏற்பாடு செய்துகொள்கிறேன் என்றாளே, எந்த டிரைவரைத் தேடினாள் சித்தி? ஒருவரையும் தேடவில்லை. விடியற்காலையில் சித்தப்பாவும் அவளும் மீன் வாங்க ஜீப்பில் கரைக்குப் போவார்கள். பாதி நாள் மீன் இல்லாமல்தான் வருவார்கள். ஆளில்லாத மணலில் அவர்கள் என்ன செய்தார்கள் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவே இல்லை. அவர் சொல்லிக்கொடுத்ததைக் கை மறந்துவிடக்கூடாதென்று, நாங்கள் தூங்கும் மத்தியானங்களில் அவள் போய் உட்கார்ந்திருக்கிறாள். அன்று ரிவர்ஸில் விட்டுவிட்டு இறங்கிவிட்டாள், அவ்வளவுதான். அதை அந்த முற்றத்தில் சொல்லியிருந்தால் பேய் போயிருக்கும். ஆனால் புருஷன் செத்து ஒரு மாதம் ஆகாதவள் ஜீப் ஓட்டிப் பழகுகிறாள் என்று அண்ணன் எதிரில், இருபது பேர் எதிரில், எந்த வாயால் சொல்வாள்? தூசி இல்லை என்று நான் கத்தாமல் இருந்திருந்தால் அப்பா ஒருவேளை மனசு மாறியிருக்கமாட்டார். பாவி, நானே கத்தினேன். டீ குடித்துவிட்டு வந்தவர், கியர் போட வராததற்கா இப்படி அழுகிறாய் என்று கேட்டார்.

சித்தி ஊருக்குப் போன அன்று பஸ் ஸ்டாப் வரை நானும் போனேன். அண்ணன் பெட்டியை ஏற்றிக்கொண்டிருந்தார். சித்தி குனிந்து என் ரிப்பனை இழுத்துக் கட்டினாள்.

"இன்னும் பத்து நாளு உட்டிருந்தீங்கன்னா போதும்டி," என்றாள் மெதுவாக.

சித்தப்பா இன்னும் பத்து நாள் வந்துபோயிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று ஏங்குகிறாள், பாவம் என்று நினைத்தேன். அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "அழாத சித்தி, அவரு வந்தவாசிக்கும் வருவாரு," என்றேன்.

சித்தி என்னைப் பார்த்துச் சிரித்தாள். பிறகு சிரிப்பு நிற்காமல் அழுகையாக மாறியது. பயந்துவிட்டாளாக்கும் என்று நினைத்து, அவ்வளவு தூரத்துக்கு அவருக்கு வழி தெரியாது என்று மறுபடியும் தைரியம் சொன்னேன்.