போத்தலில் குறையாத உப்பு

ஜூலை 4: ஒரு தேக்கரண்டி, 174.
ஜூலை 11: ஒரு தேக்கரண்டி; 146.
ஜூலை 18: ஒரு தேக்கரண்டி; 176.
ஜூலை 25: ஒரு தேக்கரண்டி, 148.

முன்னது பதுர்தீனுக்கு ஒரு நாளைக்கு அனுமதிக்கப்பட்ட உப்பு. பின்னது இரத்த அழுத்தத்தின் மேல் எண். வெள்ளிதோறும் ஜும்ஆவுக்கு முன் என் வீட்டுக் கதிரையில் அமர்ந்து, அழுத்தம் பார்க்க என்னிடம் கையை நீட்டுவார். பட்டி இறுக்கும்போது கண்ணை மூடிக்கொண்டு, ‘நானா’ என்று அண்ணன் முறை சொல்லிக் கெஞ்சுவார். "எத்தினயெண்டு இப்ப சொல்லாதீங்க நானா. முதல்ல தேத்தண்ணியக் குடிச்சிர்றேன்."

வயது அறுபத்தாறு. முப்பது வருடமாக உப்பளத்தில் வேலை. குதிகால் வெடிப்புகள் ஆறியதே இல்லை. இப்போது இரு கண்ணிலும் படலம். ஏப்ரலில் வரம்பில் கால் தவறிப் பாத்திக்குள் விழுந்தார். கண்ணுக்குச் சத்திரசிகிச்சை செய்துகொண்டு வந்தால்தான் வேலை என்று சொல்லிவிட்டார்கள். இரண்டு முறை ஆஸ்பத்திரிக்குப் போனார். இரண்டு முறையும் அழுத்தம் கூட என்று திருப்பி அனுப்பினார்கள்.

மனைவி றிஸ்மினா சுபஹுத் தொழுகைக்குப் பிறகு அவருடைய உப்பை மட்டமாக அளந்து, சின்ன மருந்துப் போத்தலில் போட்டு வைப்பார். அவருக்கான கறி, சம்பல் எல்லாம் அதற்குள்தான். இரவில் பதுர்தீன் போத்தலைக் காதருகே ஆட்டிப் பார்ப்பார். மிச்சம் சலசலத்தால், "இன்னும் இரிக்கி" என்று அடுத்த வீட்டுக்கும் கேட்கும்படி சொல்வார்.

எண்கள் ஏறி இறங்குவதன் காரணம் பிடிபட எனக்கு நான்கு வாரம் ஆயிற்று. இரண்டு வாரத்துக்கொரு புதன்கிழமை, போர் முடிந்தபின் மன்னாருக்கே திரும்பிப்போன அவருடைய தங்கை அங்கிருந்து பஸ்ஸில் கட்டா மீன் கருவாடு அனுப்புகிறாள். கேட்டபோது அவர் ஒளிக்கவில்லை.

"ஓம், தின்னுறதான். அது மன்னார்ல போட்ட உப்பு நானா. இந்தப் போத்தல்ல ஒண்டும் குறையலியே."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. தொண்ணூறில் முஸ்லிம்கள் எல்லோரையும் மன்னாரை விட்டு விரட்டிய அன்று, அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த கருவாட்டுக் கறியை இறக்காமலே வந்ததைச் சொன்னார். அதே படகில் கற்பிட்டியில் இறங்கியவன் நான். உம்மாவின் சட்டி மணம் எனக்கும் வந்து போனது. ஆனாலும் குறிப்பேட்டில் ‘கருவாடு’ என்று ஒரு பத்தி கூடுதலாகக் கோடிட்டேன்.

சத்திரசிகிச்சைக்கு வரச்சொல்லி ஆஸ்பத்திரி அனுப்பிய மூன்றாவது கடிதத்தை நான்தான் வாசித்துக் காட்டினேன். இம்முறையும் அழுத்தம் குறையாவிட்டால் அவர் பெயர் வரிசையின் கடைசிக்குப் போய்விடும். கருவாட்டுப் பொட்டலமும் அன்றுதான் வந்திருந்தது. பதுர்தீன் அதை அவிழ்த்து, ஒரு துண்டைத் தடவிப் பார்த்துவிட்டு, மறுபடி கட்டி என் மடியில் வைத்தார்.

"வச்சுக்கோங்க நானா. உங்கட ஊட்டுல போத்தல் இல்லத்தானே."

வாசலில் கை கழுவத் தண்ணீர் வைத்திருந்தேன். கழுவவில்லை. விரல்களை மூக்கருகே பிடித்தபடி, மற்றக் கையால் வேலியைத் தடவித் தடவி நடந்தார்.

மூன்றாவது கடிதம் கிடைத்த திகதி: 2025 ஆகஸ்ட் 13, புதன்.