கிணத்தடியிலிருந்து வந்த தடம்

நம்பாதவர்கள் கபிலனின் வீட்டுக்குப் போய்ப் பார்க்கலாம். வீடு இன்னும் நிற்கிறதோ தெரியாது. ஆனால் நடந்தது நடந்ததுதான்.

சண்டை முடிந்து மீள்குடியேறி, தங்கள் பழைய வளவுக் காணிகளிலேயே வீட்டுத்திட்ட வீடுகள் கட்டிய பிறகு வந்த இரண்டாவது மாரி. குளக்கட்டு உடைந்து, திருக்கேதீஸ்வரத்துக்கு உட்பக்கமிருந்த அந்த ஊர் ஒரே இரவில் வெள்ளத்துக்குள் தாண்டது. சனம் பள்ளிக்கூடத்துக்கு ஓடியது. மிதிவெடியில் வலது காலை இழந்த கபிலனின் அப்பா கனகரத்தினத்தை நாலுபேர் தூக்கி உழவு இயந்திரத்தில் போட்டார்கள். அவருடைய செயற்கைக் காலை ஒருத்தரும் தூக்கவில்லை.

பள்ளிக்கூடத்தில் மலசலகூடத்துக்கும் ஆள்தான் தூக்கிப்போக வேண்டும். வெட்கத்தில் மனிசன் சாப்பாட்டையே விட்டுவிட்டார்.

"கட்டிலுக்குக் கீழ கிடக்கும். எடுத்துக்கொண்டு வா தம்பி."

"ஜெய்ப்பூர் கால்தானே அப்பா. இவ்வளவுக்குள்ள ஜெய்ப்பூருக்கே போய்ச் சேர்ந்திருக்கும்."

"பகிடி விடாத. போ."

தண்ணி வற்றியதும், உச்சிப்பொழுதில் கபிலன் போனான். சுவர்களில் நெஞ்சளவுக்குச் சேற்றுக் கோடு. ஒரு வீட்டுக் கதவு இன்னொரு வீட்டு முற்றத்தில். வேலியில் அழுகின ஆடு. ஆனால் ஒரு காகமும் இல்லை. அதுதான் முதல் பிழை.

அவன் வீட்டு முற்றத்தில் சேறு, உறைந்த தயிர்போலக் கிடந்தது. கோழிகூட மிதிக்கவில்லை.

கிணத்தடியிலிருந்து மட்டும் ஒரு தடம். வெறுங்கால். புதுசு.

"ஆரடா கள்ளன்?"

குனிந்து பார்த்தான்.

வலது கால். அடுத்ததும் வலது கால். அதற்கடுத்ததும்...

நொண்டிக் கள்ளன் என்று சிரிக்கப் பார்த்தான். சிரிப்பு வரவில்லை. துள்ளிப் போனால் சேறு ஆழப் பதியும். இது ஆறுதலாக, அவசரமில்லாமல் நடந்த தடம். ஒவ்வொன்றிலும் நாலே விரல்.

உள்ளே... சளக்.

சளக்...

நின்றுவிட்டது.

எட்டிப் பார்த்தான். ஆளில்லை. தடம் கட்டிலடிக்குப் போயிருந்தது. திரும்பி வரவில்லை.

அது முடிந்த இடத்தில் அப்பாவின் கால் நேராக நின்றது. ஒரு பொட்டுச் சேறில்லை.

ஓடத்தான் நினைத்தான். அப்பாவின் முகம் நினைவு வந்தது.

கண்ணை மூடித் தூக்கினான்.

பள்ளிக்கூடத்தில் அப்பா அதைக் காலில் பூட்டிக்கொண்டு எழும்பினார்.

"இவ்வளவு காலமும் கடிச்ச சனியன். இண்டைக்குத்தான் அளவாக் கிடக்கு."

பிடிக்க வந்தவர்களை விலக்கிவிட்டுத் தனியே நடந்து போனார்.

கபிலன் அம்மா சிவலட்சுமியிடம் தடத்தைப் பற்றி மெல்லச் சொன்னான்.

"நாலு விரலோ?"

"ஓம்."

அம்மா, போகிற மனிசனின் காலையே பார்த்தாள்.

"உன்ர கொப்பருக்கு அப்பவே வலது காலில சின்னவிரல் இல்லை. மண்வெட்டி பட்டு எப்பவோ போனது. பிறகு வெடியில போன அந்தக் காலை... நான்தான் கிணத்தடியில குழி தோண்டித் தாட்டனான்."