அஸேத்தாவின் விரலில் வைத்த மை

பிபாத்தாவின் காலடிச் சத்தம் கேட்டால் போதும், அஸேத்தாவுக்குக் கொண்டாட்டம். "பெரியம்மா வருது!" என்று மண்சுவரைத் தடவிக்கொண்டே ஓடி வருவாள். ஏழு வயது. இரண்டு கண்ணிலும் வெள்ளை படர்ந்து ஐந்து வருடமாகிறது. ஊரே கூடித் திட்டினாலும் பிபாத்தா தாங்கிக்கொள்வாள். இந்தப் பிள்ளையின் பிரியத்தைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

பதினோரு வருடமாக அவள்தான் ஊரின் சுகாதாரத் தொண்டர். பிள்ளைகளின் கையில் நாடாவைச் சுற்றிப் பச்சையா, மஞ்சளா, சிவப்பா என்று பார்த்து, இளைத்ததுகளைக் கண்டுபிடிப்பாள். வருடத்துக்கு இரண்டு முறை, தலைநகர் வாகடூகுவிலிருந்து வரும் எண்ணெய் மாத்திரையின் நுனியை வெட்டி, கண் கெடாமலிருக்கப் பிள்ளைகளின் வாயில் பிழிவாள். பிழிந்ததும் சுண்டுவிரலில் மை வைப்பாள். மோட்டார் சைக்கிளில் வரும் மேற்பார்வையாளர் விரலைத்தான் பார்ப்பார். வயிற்றைத் திறந்தா பார்க்க முடியும்?

அஸேத்தாவுக்கு இரண்டு வயதான வருடம் பிபாத்தா போனபோது அவள் தூங்கிக்கொண்டிருந்தாள். தாய் சனாத்தா தண்ணீருக்குப் போயிருந்தாள். தூங்கும் பிள்ளையைத் தட்டி எழுப்பக் கூடாது. உறக்கத்தில் உயிர் வெளியே உலாவப் போயிருக்கும், திடுக்கென்று எழுப்பினால் திரும்ப வழி தெரியாமல் தவிக்கும் என்பார்கள். மேற்பார்வையாளரின் வண்டிச் சத்தம் வேறு நெருங்கிவிட்டது. சாயங்காலம் வந்து ஊற்றிக்கொள்ளலாம் என்று மையை மட்டும் வைத்தாள்.

சாயங்காலம் அந்த வருடத்தின் முதல் மழை கொட்டியது. முதல் மழை விழுந்த பிறகு வீட்டில் யார் உட்கார்ந்திருப்பார்கள்? கம்பு விதையும் மண்வெட்டியுமாக ஊரே காட்டுக்கு ஓடியது. மூன்று நாள் விதைப்பில் பிபாத்தா மறந்தே போனாள். இரண்டு மாதத்தில் தட்டம்மை வந்து, பிள்ளையின் கண்ணைக் கொண்டுபோனது.

"நீ மருந்து குடுத்தும் போயிடுச்சே அக்கா. என் தலையெழுத்துக்கு நீ என்ன பண்ணுவ!" என்று சனாத்தா அவள் மடியில் விழுந்து அழுதாள். பிபாத்தா முதுகைத் தடவிக் கொடுத்தாள். அடிப்பாவி, கை கூசவில்லையா? கூசியது. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. அதன் பிறகு எந்தப் பிள்ளையின் கையைப் பிடித்தாலும் அந்தச் சின்ன விரல்தான் கண்முன் வந்து நிற்கும். கம்பங்களியைப் பிட்டு வாயில் வைக்கும்போதுகூட வரும். பாதியில் எழுந்துவிடுவாள்.

இப்போது சனாத்தாவுக்குப் பத்து மாதத்தில் ஒரு மகன், லஸானே. நாடாவைச் சுற்றினால் மஞ்சளில் நின்றது. பிபாத்தா மாத்திரையை எடுத்ததும் சனாத்தா பிள்ளையை இழுத்துக்கொண்டாள்.

"வேணாம்க்கா. அன்னைக்கு இவளுக்குக் குடுத்தியே, என்னத்தக் கிழிச்சுது உன் மருந்து? இவனையாவது விட்டுடு."

"பக்கத்து ஊருல அம்மை வந்துடுச்சுடி."

"வரட்டும். நம்பினவரைக்கும் போதும்."

அஸேத்தா பெரியம்மாவின் இடுப்புத் துணியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிபாத்தா குனிந்து அவளைப் பார்த்தாள். சொன்னால் இந்த வீட்டு உறவு போய்விடும், ஊரும் காறித் துப்பும். சொல்லாவிட்டால் இவன் கண்ணும் போகும்.

"சனாத்தா, நான் இவளுக்குக் குடுக்கவே இல்ல."

"என்னது?"

"தூங்கிட்டிருந்தா. மை மட்டும்தான் வச்சேன். சாயங்காலம் வரலாம்னு நெனச்சேன், மழை வந்துடுச்சு. ஒரு சொட்டுகூட அவ வாயில விழல."

சனாத்தா அப்படியே தரையில் உட்கார்ந்தாள். பிறகு பிள்ளையை நீட்டினாள்.

"ஊத்து. நான் பாக்கணும்."

பிபாத்தா கடைசிச் சொட்டுவரை பிழிந்தாள். சனாத்தா விரலை விட்டுப் பிள்ளையின் நாக்கைத் தூக்கிப் பார்த்தாள்.

"போயிடு. இனி எங்க வாசல மிதிக்காத."

பிபாத்தா பையை எடுத்தாள். அஸேத்தா மட்டும் துணியை விடவில்லை.

"அப்ப எனக்கும் இப்ப ஊத்திடு பெரியம்மா. நான் முழிச்சுத்தானே இருக்கேன்" என்று அண்ணாந்து வாயைத் திறந்தாள்.

அப்போதுதான் சனாத்தா குரலெடுத்து அழுதாள்.